நாற்பத்து மூன்று வெற்றிலை வாக்குகள்

பெண்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்வதற்காக என் அம்மா யோகேஸ்வரி இருபத்தாறு ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். அவருடைய மைவி கார் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய எல்லாம் மலேசியாவின் கெடா மாநிலத்துக்குள்ளேயே ஓடியது: சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், கூலிம், புக்கிட் செலம்பாவ். பூமியை ஐந்து முறை சுற்றும் தூரம். பெண்ணுக்கு வாசற்படியே எல்லை என்று சொல்வதற்கு அவ்வளவு பெட்ரோல் தேவைப்பட்டது.

அம்மா போன மாதம் இறந்தார். காரை இப்போது நான் ஓட்டுகிறேன். ஓட்டுநர் இருக்கை அவர் உயரத்துக்கு வைத்தபடியே இருக்கிறது. எனக்கு முழங்கால் இடிக்கிறது. பின்னால் தள்ள ஒரு நெம்புகோலை இழுத்தால் போதும். இன்னும் இழுக்கவில்லை.

பாடாங் செராய் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் 1961இல் பிறந்தவர். அவருடைய அம்மா ரப்பர் பால் இறக்கப் பால்மரம் வெட்டினார். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன் கைக்குழந்தைகளை ஆயா கொட்டாயில் விட்டுவிட வேண்டும். அம்மாவும் அந்தக் கொட்டாயில் தொட்டிலில் கிடந்தவர்தான். அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் போகாத பெண் ஒருத்திகூட இல்லை. ஒரே ஒருவர் இருந்தார், மானேஜர் மனைவி. அவர் வெள்ளைக்காரர்.

பின்னாளில் அம்மா எல்லா மேடைகளிலும் சொன்ன வாக்கியம் இது: "நம்ம பரம்பரையில பொம்பளைங்க வாசற்படி தாண்டுனதில்ல." முன்வரிசையில் இருந்த முதிய பெண்கள் ஒவ்வொருவரும் முப்பது வருடம் தலைவிளக்கு கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தவர்கள். முழங்காலில் அட்டை கடித்த தழும்பு உள்ளவர்கள். அவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

பதினெட்டு வயதில் அம்மா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். பதினோரு ஆண்டுகள் பூதக்கண்ணாடி வழியாகக் கம்பி ஒட்டினார். மூன்று ஷிப்ட்டிலும் வேலை. 1985இல் மர லாரி ஓட்டும் பரஞ்சோதியை, என் அப்பாவை, மணந்தார். 1988இல் நான். 1990இல் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. எண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேடையில் இது, "என் மகளுக்காக வேலையைத் தூக்கி எறிந்தேன்" என்று வரும். எறிந்தது தொழிற்சாலை. ஆனால் அந்த இடத்தில் அம்மா இரண்டு விநாடி நிறுத்துவார். அதற்குள் யாராவது கண்ணைத் துடைப்பார்கள்.

1998இல் பாடாங் செராய் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். பேச வேண்டியவர் வரவில்லை. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அம்மா நாற்பது நிமிடம் பேசினார். பாயசம் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

நான் நியாயமாகவே சொல்கிறேன். அவர் பேசியது தவறு. பேசிய விதம் அருமை. ஒரு தாளும் இல்லாமல், ஒரு 'வந்து' 'போயி' இல்லாமல், சிரிக்க வைத்து, அழ வைத்து, முடிவில் கூட்டத்தை எழுந்து நிற்க வைப்பார். அந்தத் திறமைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. பெண்கள் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் வேலைதான் காலியாக இருந்தது. அம்மா அதில் சேர்ந்துகொண்டார்.

பாடாங் செராயில் குடும்ப நெறி மன்றம் என்று ஒன்று தொடங்கினார்கள். தலைவர் சிவநேசன். அம்மா சிறப்புப் பேச்சாளர். திருமணம், காதுகுத்து, திருவிழா, பதினாறாம் நாள் காரியம் என்று எங்கே மைக் இருந்தாலும் அங்கே அம்மா இருப்பார். 2011இல் மட்டும் நூற்று எண்பது கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும், "நான் சமைச்சதத் தவிர எங்க வீட்டுக்காரரு வேற எதையும் தொட்டதில்ல" என்பார்.

அதைக் கேட்டுக்கொண்டு அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மடியில் அடுக்குப் பாத்திரம் இருக்கும். கீழ்த்தட்டில் சோறு, நடுவில் சாம்பார், மேலே பொரியல். எல்லாம் அவர் சமைத்தது. அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டு கேஸ் உருளையை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று அம்மாவுக்குத் தெரியுமா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது.

ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "அப்படிச் சொல்றாங்களே, கோவம் வரலியாப்பா?"

"மேடைப் பேச்சுதானே பாப்பா. உப்பு சரியா இருந்திச்சான்னு வீட்டுக்கு வந்து சொல்லிருவா."

இதெல்லாம் சிரிக்கக்கூடிய பகுதி.

2012இல் அம்மா, பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று ஒரு மனு தயாரித்தார். ஆயிரத்து நூறு கையெழுத்து. பெரும்பாலும் ஆண்களுடையவை. புக்கிட் செலம்பாவிலிருந்து ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்ட் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. பேருந்துக் குத்தகைக்காரர் அந்த வழியை எப்படி வெட்டுவது என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவர். அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்திப் பண்பாட்டைக் காப்பாற்றுவதாக அறிவித்தார். அடுத்த வாரம் பேருந்து நின்றது.

அதில் போய்வந்த பெண்கள் பதினேழு பேர். பதினொரு பேர் வேலையை விட்டார்கள். ஆறு பேர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி இராசாத்தி. அப்போது இருபத்திரண்டு வயது. நான்காவது மாதம் மழையில் ஒரு பள்ளத்தில் விழுந்தாள். வலது காலில் இரும்புக் கம்பி வைத்தார்கள்.

அம்மா ஆரஞ்சுப் பழத்தோடு மருத்துவமனைக்குப் போனார். "இதுக்குத்தான் நான் சொன்னேன்" என்று தொடங்கி, படுக்கைக்கருகில் கால்மணி நேரம் பேசினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கைதட்டினார்கள். இராசாத்தியால் எழுந்து போக முடியாது.

இந்த வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தார். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர்கள், ஊசி போட்டவர்கள், மூத்திரப் பையை மாற்றியவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து தலீலா என்ற தாதி விடைபெற வந்தார். சுங்கைப் பட்டாணியில் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி பூரா இங்க இருக்கியே, உம் பிள்ளைங்க யாருகிட்ட?"

"அவங்க அத்தாகிட்டம்மா. தூங்க வச்சிருவாரு."

"ஆம்பளைக்கு என்ன தெரியும் பிள்ள வளக்க?"

"எனக்குந்தான் மொதல்ல தெரியல. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கிட்டோம்." தலீலா சிரித்தார். "வேணும்னா நாளையிலருந்து நான் வீட்டுல இருக்கட்டா? அவர ஊசி போட அனுப்புறேன். இரும்புக் கடைதான் வச்சிருக்காரு, பரவாயில்லியா?"

அம்மாவும் சிரித்தார். தலீலா போனதும் என்னிடம், "தங்கமான பொண்ணு. இந்த மாதிரி ஆளுங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்றார். பிறகு கைபேசியை எடுத்து, மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் காலைச் செய்தியைப் பேசி அனுப்பினார். அன்றைய தலைப்பு: தாய் இல்லாத இரவு. நான் அவருக்குத் தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன்.

ஐந்தாவது வாரம் அவர் பேச்சு குழறியது. பதினோராவது வாரம் இறந்தார்.

அவர் இறந்த பதினோராம் நாள், பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இராசாத்தியும் அவள் கணவன் காளிதாசனும் வந்தார்கள். காளிதாசன் பள்ளி வேன் ஓட்டுபவர். நல்லவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒரு விசயம், தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"இவ வேல செய்ற கையுறை கிலாங்லயே இவளுக்கு சூப்பர்வைசர் வேல குடுக்குறாங்க. மூணு வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட்டு. வர்ற ஞாயித்துக்கெழம கையெழுத்துப் போடணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா போன வருசம் திருவிழாவுல நான் யோகம்மா கையில வெத்தல வச்சு வாக்குக் குடுத்துட்டேன்லா."

இதை விளக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் கணவன்மார்கள் மேடைக்கு வருவார்கள். தட்டில் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. "எங்க வீட்டுப் பொண்ண ராத்திரி வேலைக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லித் தட்டை அம்மாவின் கையில் கொடுப்பார்கள். அம்மா வாங்கிக்கொள்வார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவது போலத்தான். எங்கள் பக்கத்தில் வெற்றிலை கைமாறினால் பேச்சு முடிந்தது. வாங்கியவர் மனமொப்பித் திருப்பிக் கொடுத்தாலொழிய வாக்கு நீங்காது. வாங்கியவர் இறந்துவிட்டால், பதினாறாம் நாளுக்குள் அந்த வீட்டு ஆள் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. இப்படி அம்மா வாங்கி வைத்திருந்த வாக்குகள் நாற்பத்து மூன்று.

"என்னையப் பத்தி வாக்குக் குடுத்தாரு, அக்கா," என்றாள் இராசாத்தி. "நான் பின்னால நின்னு ஐஸ் கச்சாங் சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கே மறுநாள்தான் தெரியும். அதுவும் பக்கத்து வீட்டுல சொல்லி."

"எல்லாரும் போனாங்க, நானும் போனேன்," என்றார் காளிதாசன். "யோகம்மா பேசுனா கால் தானா நடக்குது, நான் என்ன செய்ய?"

"சரி, நான் வெத்தலையத் திருப்பித் தர்றேன். இப்பவே."

அவர் தலையாட்டினார். "நீங்க தருவீங்க. ஆனா அம்மா மனசு ஒப்பணும்ல? மனசு இல்லாம வாங்குனா அது வெறும் எலதானே, தங்கச்சி. உசுரோட இருந்தா கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன். செத்தவங்கள எப்படி ஏமாத்துறது?"

இராசாத்தி காலை நீட்டி வைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. "பன்னெண்டு வருசமா பேக்கிங்ல நிக்கிறேன், அக்கா. இந்தக் கம்பிக் கால வச்சுக்கிட்டு எட்டு மணி நேரம். சூப்பர்வைசருக்கு நாற்காலி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா டீ கொண்டுவந்து வைத்தார்.

அவர்கள் போன பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். அதில் அம்மாவின் குரல் ஒன்று இருக்கிறது. நாற்பத்தேழு விநாடி. இரண்டு வருடத்துக்கு முன், கூலிமில் நான் வேலை பார்க்கும் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புக் குழுவுக்கு என்னைத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். பதினெட்டு மாதம் இரவு ஷிப்ட். முப்பது ஆண்கள், நான் ஒருத்தி. தயங்கினேன். அப்போது அம்மா அனுப்பியது. அவர் இறந்ததிலிருந்து தினமும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அதில் அவர் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிறார். வேறு எந்தப் பதிவிலும் கூப்பிடவில்லை. மற்ற எல்லாவற்றிலும், "அன்பார்ந்த சகோதரிகளே" என்றுதான் இருக்கிறது.

அதை யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது. அம்மாவே அதில் அப்படித்தான் சொல்கிறார்.

பதினாறாம் நாள் சனிக்கிழமை வந்தது. வீட்டுக்கு முன் கூடாரம். நூற்றிருபது பேர். சிவநேசன் ஆறடி நீளத்துக்குப் பதாகை அடித்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா மைக்கோடு நிற்கும் படம். கீழே, 'அடுப்பங்கரையின் அணையா விளக்கு'. அப்பா அதை நீண்ட நேரம் படித்தார்.

"மிசஸ் வரலியா, அங்கிள்?" என்று கேட்டேன்.

"வேலைம்மா. சனிக்கெழம ஓவர்டைம். மாட்டேன்னு சொன்னா மேனேஜர் மூஞ்சிய தூக்கிக்குவான்." சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார். அம்மாவின் பெயரில் ஒரு திட்டம் தொடங்குகிறதாம். நாற்பத்து மூன்று வாக்கு, வருடக் கடைசிக்குள் நூறாக வேண்டுமாம்.

பூசை முடிந்தது. நான் ஒரு தட்டில் இரண்டு வெற்றிலையும் பாக்கும் வைத்துக்கொண்டு காளிதாசனிடம் போனேன். சிவநேசன் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா இது?"

"திருப்பிக் குடுக்குறேன், அங்கிள். இவங்க கேட்டாங்க."

"ஒண்ண அவுத்தா மால பூராவும் அவுந்துரும். அம்மா சாம்பல் இன்னும் சூடு ஆறல. அவங்க மனசு என்ன பாடுபடும்?"

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. காளிதாசன் கையை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. இராசாத்தி ஒரு கூடாரக் கம்பத்தில் சாய்ந்து கால் மாற்றி நின்றாள். மறுநாள் ஞாயிறு, கெடாவில் அது வேலை நாள்; காலை எட்டு மணிக்குக் கையெழுத்து.

"விடுங்க, தங்கச்சி," என்றார் காளிதாசன் மெதுவாக. "அம்மா சம்மதிக்க மாட்டாங்க."

"சம்மதிப்பாங்க."

"எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. கைபேசியை மைக்கின் அருகில் வைத்து அழுத்தினேன்.

"பாப்பா, அம்மா பேசுறேன். அந்த ராத்திரி வேலைய வேணாம்னு சொல்லிறாதடி. நீ வேணாம்னுட்டா இனிமே ஒரு பொம்பளையயும் கூப்புட மாட்டானுங்க. ராத்திரின்னா என்னா இப்ப? லைட்டு போட்டுக்கிட்டுத்தானே வேல செய்றீங்க. சாப்பாட்டப் பத்தி நெனைக்காத, அப்பா கட்டிக் குடுப்பாரு. நானும் பதினோரு வருசம் கிலாங்ல நின்னவதான், எனக்குத் தெரியும். நின்னாத்தான் மதிப்பானுங்க. கேட்டியா? இத யாருகிட்டயும் சொல்லாத. வச்சிர்றேன். கெளம்பணும், கூலிம்ல கூட்டம்."

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. மன்றத்தின் ஒலிபெருக்கி அது.

முதலில் பேசியவர் சிவநேசன்தான். "இது அவங்க இல்ல. இப்பல்லாம் ஏஐ வச்சு யாரு குரல வேணும்னாலும் செய்யிறானுங்க. இந்தப் பொண்ணு இஞ்சினியரு. இவளுக்கு அதெல்லாம் அஞ்சு நிமிச வேல."

பலர் தலையாட்டினார்கள். செத்தவர் மாற்றிப் பேசினார் என்பதைவிட மகள் குரலைத் தயாரித்தாள் என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. பதிவான தேதி, நேரம், கோப்பு அளவு என்று நான் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். அவர் பேசி நான் கூட்டத்தில் கேட்டதே இல்லை.

"அது அவதான்."

"அண்ணே, நீங்க துக்கத்துல இருக்கீங்க..."

"இன்னொருக்கா போடு பாப்பா. பின்னால ஒரு சத்தம் கேக்கும். சட்டியில கரண்டி. அது நான். அன்னிக்குக் கத்திரிக்கா பொரிச்சேன்."

மறுபடி போட்டேன். நானூறு தடவை கேட்டிருப்பேன். நான் கேட்டதெல்லாம் அம்மாவை மட்டும்தான். இப்போது அவருக்குப் பின்னால், சீராக, இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டது.

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். "அப்ப சமைச்சது நீங்களாண்ணே?"

"கல்யாணமானதுலேருந்து நான்தான். நல்லாத்தான் சாப்புட்டா." அப்பா உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததல்ல. கூட்டத்திலிருந்து பாப்பம்மா எழுந்து வந்தார். அம்மா பிறந்த தோட்டத்துக்காரர். முதல் கூட்டத்திலிருந்து முன்வரிசை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றார்.

"யோகம், எம் மவளுக்கு வாத்தியார் காலேஜ்ல எடம் கெடச்சுது. நெனவிருக்கா? வயசுப் பொண்ண ஹாஸ்டல்ல விடாத பாப்பம்மான்னு நீதான் சொன்ன. விடல. இன்னிக்கு ரோட்டோரம் நாசி லெமாக் பொட்டலம் கட்டி விக்கிறா. உம் மவளுக்கு ஒரு நாயம், எம் மவளுக்கு ஒரு நாயமாடி?"

 

பாப்பம்மா இலையில் உட்காராமலே வெளியே நடந்தார். காரியச் சோற்றைத் தொடாமல் போவது எங்கள் பக்கத்தில் உறவு முறிந்ததற்கு அடையாளம். நான் கேட் வரை ஓடினேன்.

"அத்தை, ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

"உங்கம்மா இருந்தா சாப்புட்டுக்கிட்டே திட்டியிருப்பேன். அவளும் திருப்பித் திட்டுவா. இப்ப யாரத் திட்டறது? நீயா?" என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. "நீ நல்லா படிச்ச. நல்லா இரு." போய்விட்டார்.

திரும்பி வந்தபோது காளிதாசன் கூடாரத்தின் நடுவில் அப்படியே நின்றிருந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. முரண்பாடு எதுவும் அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. "அம்மாவே சொல்லிட்டாங்கல்ல, தங்கச்சி. வேணாம்னு சொல்லிறாதன்னு. வாயத் தொறந்து சொல்லிட்டாங்க. அது போதும் எனக்கு." கையை நீட்டினார்.

அம்மா இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்ததை ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்றவர், அதற்கு நேர்மாறாகச் சொன்னதையும் அப்படியே செய்யத் தயாராக இருந்தார். அம்மாவின் செல்வாக்கு என்று நான் அளக்க முடிந்தது இவ்வளவுதான்.

தட்டை இராசாத்தியிடம் கொடுத்தேன்.

"இவகிட்டயா?" என்றார் காளிதாசன்.

"வாக்கு இவளப் பத்தினதுதானே."

இராசாத்தி ஒரு வெற்றிலையை எடுத்தாள். பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டு மென்றாள். "காரமா இருக்கு அக்கா" என்றாள். உட்கார இடம் கேட்டாள். யாரோ நாற்காலி போட்டார்கள்.

அன்று மாலைக்குள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். வெற்றிலை தீர்ந்துபோய் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. மீதி முப்பத்தாறு பேர் வரவில்லை. சிவநேசன் பதாகையைச் சுருட்டிக் காரில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது அப்பாவிடம் ரசத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

காளிதாசன் கிளம்பும் முன் அந்தக் குரலைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார். அவருடைய அம்மா கேட்டால் போட்டுக் காட்ட வேண்டுமாம். யோசித்தேன். அனுப்பினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு இராசாத்தி கையெழுத்துப் போட்டாள். எட்டேகாலுக்கு எனக்கு ஒரு படம் வந்தது. அவள் இல்லை, வெறும் நாற்காலி மட்டும். நீல நிறம், சுழலும் வகை.

மன்றத்தின் குழுவில் மூன்று நாள் சண்டை நடந்தது. பாதிப் பேர் குரல் பொய் என்றார்கள். மீதிப் பேர் அம்மாவை வேஷதாரி என்றார்கள். அம்மாவுக்கு என்னவெல்லாம் பெயர் வைக்க முடியுமோ அதெல்லாம் வைத்தார்கள். நான் படித்தேன். பதில் எழுதவில்லை. அவர்கள் சொன்னதில் பாதி நான் அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டியது. பதினெட்டு மாதம் இரவு வேலை செய்துவிட்டு வந்து, அப்பா கட்டிக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் தூங்கப் போனவள் நான்.

நேற்றுக் காலை தெரியாத ஓர் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ரோஜாப்பூப் படம், 'இனிய காலை வணக்கம்', அதற்குக் கீழே ஓர் ஒலிப்பதிவு. மேலே 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று குறியிருந்தது. நாற்பத்தேழு விநாடி. யாரோ தலைப்பும் கொடுத்திருந்தார்கள்: ஒரு தாய் மகளுக்குச் சொன்ன பொன்மொழி, பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

அனுப்பியவருக்கு நான் யாரென்று தெரியாது. வேலைக்குக் கிளம்பும் நேரம். நின்றபடியே முழுவதும் கேட்டேன். என்னைத்தான் கூப்பிடுகிறார்.